கைப்பேசிச் சூது: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை. என் தம்பி கைப்பேசியில் ஸ்லாட் ஆடி சில வருடங்களில் 68,000 வெள்ளி (ரிங்கிட்) தொலைத்தான். அந்தக் கடனை அடைக்க வழி தேடி அலைந்தபோதுதான் இந்தச் சட்டங்களையும் இந்த ஆட்டத்தின் கணக்கையும் தெரிந்துகொண்டேன். விஷயம் எப்படியோ வெளியே பரவியது. இப்போது கோயிலில், கல்யாண வீட்டில், வேலையிடத்துக் கேண்டீனில் என்று யாராவது ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, ஆன்லைன் ஜூடி (சூதாட்டம்) நம் நாட்டில் சட்டப்படி சரியா, தப்பா?

தப்பு. மலேசியாவில் பொதுமக்கள் ஆடுவதற்காக ஆன்லைன் கேசினோவோ ஸ்லாட்டோ நடத்த எந்த உரிமமும் கிடையாது. சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் முக்கியமான சட்டங்கள் இரண்டு: பந்தயச் சட்டம் 1953, பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் 1953. சூதாட்ட இல்லம் நடத்துகிறவருக்கு 5,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அங்கே போய் ஆடுகிறவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பந்தயம் வாங்கும் புக்கிக்குத் தண்டனை இன்னும் கடுமை: 20,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை.

அப்படியென்றால் டோட்டோ, மெக்னம் என்ற நம்பர் குலுக்கல் கடைகள் பட்டர்வொர்த்தில் தெருவுக்குத் தெரு திறந்திருக்கின்றனவே?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. அவை நிதியமைச்சின் உரிமம் பெற்றவை. ஸ்போர்ட்ஸ் டோட்டோவை 1969 இல் அரசாங்கமே தொடங்கியது, விளையாட்டுத் துறைக்குப் பணம் திரட்ட. 1985 இல்தான் அது தனியார் கைக்குப் போனது. கெந்திங் மலைக் கேசினோவுக்கும் 1969 இல் உரிமம் கிடைத்தது, 1971 இல் திறந்தார்கள். குதிரைப் பந்தயம் இன்னும் பழசு. பினாங்கு டர்ஃப் கிளப் 1864 இல் உருவானது. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடமே ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல்தான்.

ஆகவே சட்டம் சூதாட்டம் முழுவதையும் தடுக்கவில்லை. உரிமம் உள்ள சிலரை மட்டும் விட்டு மற்றவரைத் தடுக்கிறது. கடையில் ரசீது வாங்கி நாலு நம்பர், அதாவது குலுக்கலுக்கு ஒரு நாலு இலக்க எண், எடுப்பது ஒன்று. கைப்பேசியில் ஏஜென்ட் கொடுத்த ஐடியில் ஸ்லாட் சுற்றுவது வேறொன்று. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே பேச்சில் சேர்த்துப் பேசிவிடுகிறோம். என் தம்பியும் அப்படித்தான் சொன்னான்: "அப்பா எடுக்கிற நாலு நம்பர்தானே, நான் போன்ல ஆடுறேன்."

உரிமம் இருந்தாலும் கடை வைக்கும் இடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் வணிக அனுமதி தனியாக வேண்டும். அதை வைத்துத்தான் கெடா மாநில அரசு, அந்தக் கடைகளின் அனுமதி இனிப் புதுப்பிக்கப்படாது என்று 2021 நவம்பரில் அறிவித்தது. 2023 தொடக்கத்தில் கடைகள் மூடின. கிளந்தான், திரெங்கானுவில் பல காலமாகவே கடை இல்லை. பினாங்கில் இருக்கிறது. ஒரே நாட்டில், கெடாவின் கூலிமுக்கு ஒரு நியாயம், பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஒரு நியாயம் என்பதுபோல் இருப்பதால், ஜனங்களுக்கு எது சட்டம் என்றே புரியாமல் போவதில் வியப்பில்லை.

நான் ஆடும் சைட்டில் வெளிநாட்டு லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கிறது. அது போதாதா?

போதாது. குராசாவ் மாதிரி ஒரு தீவு கொடுத்த உரிமம் மலேசியாவில் செல்லாது. அந்த முத்திரை உண்மைதானா என்று சரிபார்க்கவும் பெரும்பாலும் வழியிருக்காது. பக்கத்தின் அடியில் ஒரு படத்தை ஒட்டிவைக்க யாராலும் முடியும். உள்ளூர் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பில் (ஆப்பை நிறுவும் கோப்பு) அதுகூட இருக்காது. அந்த ஆப்களின் பெயர்களை நான் இங்கே எழுதமாட்டேன். தெரியாதவர்களுக்கு நான் விளம்பரம் செய்ததாக ஆகிவிடும்.

வீட்டில் என் அறையில், என் போனில் ஆடினால் போலீஸ் பிடிக்குமா?

1953 இல் எழுதிய சட்டம் இடத்தை வைத்துப் பேசுகிறது: வீடு, அறை, கடை, மேசை. அப்போது கைப்பேசி இல்லை. அதனால் போலீஸ் சோதனைகள் பெரும்பாலும் நடத்துகிறவர்களைக் குறிவைத்தே நடக்கின்றன: அழைப்பு மையமாக மாறிய காண்டோ வீடு, கணினிகள் அடுக்கிய கடைவீட்டு மாடி, உலகக் கிண்ணம் வந்தால் ஓப் சோகா என்ற போலீஸ் நடவடிக்கையில் மாட்டும் புக்கிகள். இந்தச் சட்டங்களை இணையத்துக்கு ஏற்றபடி திருத்தவேண்டும் என்று அரசாங்கத் தரப்பில் பலமுறை பேசியிருக்கிறார்கள்.

ஆனால் "என்னைப் பிடிக்க மாட்டார்கள்" என்பதை நம்பி ஆடவேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் எல்லாம் பதிவில் இருக்கிறது. ஏஜென்ட் மாட்டும்போது அவன் கைப்பேசியில் உங்கள் பெயரும் இருக்கும். போலீஸைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

முஸ்லிம்களுக்கு வேறு சட்டமா?

ஆமாம். உரிமம் உள்ள கடையிலும் முஸ்லிம்கள் சூதாடக்கூடாது, கெந்திங் கேசினோவுக்குள்ளும் போகமுடியாது. கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில் 1997 ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டப்படி 3,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பினாங்குக்குத் தனி மாநிலச் சட்டம் இருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இதனால் ஒரு சிக்கல் கூடுதல்: பையன் கடனில் விழுந்தாலும், வெளியே தெரிந்தால் மார்க்க விஷயமாகவும் ஆகிவிடுமே என்று மூடி மறைக்கிறார்கள். மறைக்கிற ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. ஆலோசனைக்குப் போவதால் யாரும் வழக்குப் போடுவதில்லை. தயங்காமல் போங்கள்.

8,000 வெள்ளி ஜெயித்தேன். ஏஜென்ட் தரமாட்டேன் என்கிறான். புகார் கொடுக்கலாமா?

இதுதான் நான் சொன்ன பெரிய கவலை. சிவில் சட்டம் 1956 இன் 26 ஆவது பிரிவு, பந்தயம், சூது சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. ஒப்பந்தச் சட்டம் 1950 இன் 31 ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. நீங்கள் ஜெயித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போகமுடியாது. கடையில் ரசீது வைத்திருப்பவருக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது, அதன்மேல் அமைச்சு இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் ஒரு வாட்ஸ்அப் நம்பர்தான் இருக்கிறது. நாளை அது இருக்காது.

தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாதம் 300, 450 என்று சின்னச் சின்னதாக எடுக்கும்போது பத்து நிமிடத்தில் பணம் வந்தது. ஒருமுறை 5,200 எடுக்கப்போனபோது "டர்னோவர் பத்தல பாஸ், இன்னும் ஆடுங்க" என்றான் ஏஜென்ட், அதாவது ஆடவேண்டிய மொத்தத் தொகை இன்னும் எட்டவில்லையாம். தம்பி ஆடினான். 5,200 உம் போய், கூடவே 1,000 போட்டான். அதற்குப் பிறகு ஐடியே திறக்கவில்லை. எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது?

ஆட்டமே இல்லாத வெறும் மோசடி என்றால், அதாவது "உங்கள் பரிசை எடுக்க முதலில் வரி கட்டுங்கள்" என்று பணம் பறித்திருந்தால், தாமதிக்காமல் 997 க்கு அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் ஏதாவது செய்யமுடியும். இன்னொன்று: ஆடி ஜெயித்த பணத்துக்கு இங்கே வருமான வரி கட்டவேண்டியதில்லை. அதனால் வரி கட்டச் சொல்கிறவன் பொய்தான் சொல்கிறான்.

நான் ஆடுவதில்லை. லிங்க் பகிர்ந்தால் கமிஷன் தருகிறார்கள். அதுவும் தப்பா?

ஆடுவதைவிடப் பெரிய தப்பு. ஆள் சேர்க்கிறவர், கிரெடிட் விற்கிறவர், பணம் வாங்கிக் கொடுக்கிறவர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் தொழிலை நடத்துவதற்குக் கை கொடுக்கிறவர்கள். இணையத்தில் விளம்பரம் செய்தால் 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் வந்து சேரும். வரும் பணம் சட்டவிரோத வருமானம் என்பதால் 2001 ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி கணக்கை முடக்கவும் அதிகாரம் இருக்கிறது.

ஏடிஎம் கார்டைக் கடன் கொடுப்பது இன்னும் ஆபத்து. "மாசம் 300 தரேன், கார்டும் பின் நம்பரும் மட்டும் கொடு" என்று பாலிடெக்னிக் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். மலாயில் அக்காவுன் கெல்டாய் (கழுதைக் கணக்கு, அதாவது அடுத்தவன் பணத்தைச் சுமக்கும் கணக்கு) என்கிறார்களே, அதுதான் இது. 2024 இல் தண்டனைச் சட்டத் தொகுப்பில் இதற்கென்றே 424ஏ முதல் புதிய பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த 300 வெள்ளிக்குப் பிள்ளையின் பெயரில் குற்றப்பதிவு ஏறும், வங்கிகள் கணக்குத் திறந்து கொடுக்கத் தயங்கும், வேலைக்குச் சம்பளம் போட ஒரு கணக்கு இருக்காது. வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை இருந்தால் இன்று இரவே இதைச் சொல்லிவையுங்கள்.

தீபாவளிக்கு வீட்டில் சீட்டு ஆடுவது?

குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் ஆடுவதைத் தேடி யாரும் வருவதில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுத்து, வெளியாட்களும் வந்துபோகத் தொடங்கினால் அது சூதாட்ட இல்லம்தான்.

நம் ஆட்கள் இதை ஏன் தப்பாகவே பார்ப்பதில்லை?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. பிறகு நிறைய யோசித்தேன்.

நம் தாத்தாக்கள் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே சூது நம் பக்கத்தில்தான் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் சூதாட்ட விடுதி நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தவர்கள். கள்ளுக்கடையும் அதே வழிதான். பிறகு நாலு நம்பர் வந்தது. புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தின் நாள்களே குலுக்கல் நாள்களாகிவிட்டன. சாலையில் கார் மோதி நின்றால் அடிபட்டவர் யார் என்று கேட்குமுன் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர். முனீஸ்வரர் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவரிடம் வாழ்க்கைக்கு வழி கேட்ட ஜனம், நம்பர் கேட்கவும் பழகியது. கேட்ட நம்பர் அடித்தால் கோயிலுக்கு அன்னதானம். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணச் செலவை நம்பர் அடித்துச் சமாளித்த மாமா, குடும்பத்தில் ஒரு வீரக் கதையாக இருப்பார். அந்த மாமா முப்பது வருடமாகக் கொடுத்ததை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் நான் கேவலமாகச் சொல்லவில்லை. மாதம் முழுக்க ஓவர்டைம் செய்தும் வீட்டுக் கடனுக்கும் பிள்ளை படிப்புக்கும் போதாத சம்பளத்தில், இரண்டு வெள்ளிக்கு மூன்று நாள் நம்பிக்கை வாங்குவது எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் வாங்குகிறார். ஆனால் அந்தப் பழக்கத்தின் நிழலில்தான் கைப்பேசிச் சூது சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தது.

அது எப்போது வந்தது என்றும் எனக்கு நினைவிருக்கிறது. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. நம்பர் கடைகள் மூடின, குலுக்கலும் நின்றது, ஜூன் வரை இல்லை. வேலை இல்லை, வெளியே போகமுடியாது, கையில் போன். தம்பி அந்த மாதங்களில்தான் ஆரம்பித்தான். அவனைச் சேர்த்துவிட்டது பக்கத்து லைன் வீட்டுப் பையன். அவனும் கெட்டவன் இல்லை. இருபது வெள்ளி போனஸுக்காகச் சேர்த்தான்.

நாம் எல்லாச் சூதையும் ஏற்றுக்கொண்ட ஜனம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2010 இல் கூட்டரசு அரசாங்கம் விளையாட்டுப் பந்தயத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்க முடிவு செய்தபோது எல்லா இனத்திலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. பினாங்கு மாநில அரசும் இங்கே அனுமதிக்கமாட்டோம் என்றது. அந்த ஜூன் மாதமே பிரதமர் நஜிப் முடிவைக் கைவிட்டார். அது கடை வைத்து, பலகை மாட்டி வந்த சூது, எல்லார் கண்ணிலும் பட்டது, அதனால் கேள்வி கேட்டார்கள். போனுக்குள் வந்தது யார் கண்ணிலும் படவில்லை.

கணக்குப் போட்டு ஆடினால் ஜெயிக்க முடியாதா?

கணக்கு என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் நாலு நம்பர். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஸ்மால் என்ற பந்தய வகையில் ஒரு வெள்ளி போட்டால் முதல் பரிசு 3,500, இரண்டாவது 2,000, மூன்றாவது 1,000. ஒருவர் எல்லா எண்களையும் வாங்கினால் 10,000 வெள்ளி கொடுத்து 6,500 வெள்ளி வாங்குவார். அதாவது ஒரு வெள்ளிக்கு 65 காசு திரும்புகிறது, 35 காசு போகிறது. எந்தக் கனவும் இதை மாற்றாது.

ஸ்லாட் ஏஜென்ட் சொல்வான்: "எங்க கேம்ல 96 காசு திரும்பும் அக்கா, நாலு நம்பரை விட நல்லது." அது உண்மையா என்று பார்க்க யாரும் இல்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்பா வாரம் மூன்று குலுக்கலுக்கு இரண்டிரண்டு வெள்ளி எடுக்கிறார். மாதம் சுமார் 26 வெள்ளி. அதில் 35 சதவீதம் என்றால், சராசரியாக மாதம் 9 வெள்ளி நஷ்டம். தம்பி ஒரு சுற்றுக்கு ஒரு வெள்ளி வைத்து, நிமிடத்துக்குப் பத்து சுற்று சுற்றினான். ஒரு மணி நேரத்துக்கு 600 வெள்ளி ஆட்டத்தில் போய்வருகிறது. அதில் நாலு சதவீதம் 24 வெள்ளி. அப்பாவுக்கு மாதத்துக்கு 9, தம்பிக்கு மணிக்கு 24. அவன் ராத்திரி நாலு மணி நேரம் ஆடுவான், பிறகு சுற்றுக்கு ஒரு வெள்ளி ஐந்து வெள்ளியானது. சதவீதம் சிறிசாக இருந்தாலும், எத்தனை முறை சுற்றுகிறது என்பதில்தான் பணம் போகிறது. நாலு நம்பரில் தோற்றால் அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்கவேண்டும். போனில் காத்திருக்கவே தேவையில்லை.

போனஸ் கணக்கும் இதுதான். 50 போட்டால் 50 இலவசம் என்பான். ஆனால் அந்த 100 ஐ இருபது தடவை உருட்டினால்தான் எடுக்கமுடியும் என்று நிபந்தனை இருக்கும். 2,000 வெள்ளிக்கு ஆடவேண்டும். அதில் நாலு சதவீதம் 80. கையில் இருந்த 100 இல் சராசரியாக மிஞ்சுவது 20. நீங்கள் போட்டது 50.

காற்பந்துப் பந்தயம் வேறுதானே? அதற்கு அறிவு வேண்டுமே?

அறிவு வேண்டும்தான், ஆனால் விலை போடுகிறவனுக்கு அது உங்களைவிட அதிகம். அரை கோல் விட்டுக்கொடுத்து இரு பக்கமும் சமமாக்கி, 100 வைத்தால் ஜெயித்தவருக்கு 95 என்று விலை போடுகிறான். நஷ்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றில் 51 க்கு மேல் ஜெயிக்கவேண்டும். பூவா தலையா போட்டு ஆடினாலும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் சராசரியாக இரண்டரை வெள்ளி அவனுக்கு.

அதோடு ஆட்டமே நேர்மையாக நடக்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. 1994 இல் நம் நாட்டுக் காற்பந்து லீக்கில் புக்கிகளிடம் பணம் வாங்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்த விவகாரம் வெடித்தது, பல ஆட்டக்காரர்களுக்குத் தடை விழுந்தது. அப்பா அதுவரை ஸ்டேடியத்துக்குப் போய்க் கத்திக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்டம் பார்க்கவே இல்லை.

வீட்டில் ஒருவர் ஆடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாராயம் என்றால் வாடை வரும். இதில் ஒன்றும் வராது. நான் தவறவிட்ட அடையாளங்களைச் சொல்கிறேன். கழிப்பறைக்குப் போனாலும் போன் கூடவே போகும். சம்பளம் வந்த இரண்டாம் நாளே பெட்ரோலுக்குக் காசு கேட்பான். இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தின் மூன்றாவது கணக்கை, 2024 மே மாதம் வந்ததே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கு, அதை மாதாமாதம் 50, 60 என்று துடைத்து எடுப்பான். அடுத்தவர் பேச்சில் சிரிக்க ஒரு நொடி தாமதமாகும். அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போட எடுக்கப்போனபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அன்று நான் செய்த தவறையும் சொல்லவேண்டும். அறைந்தேன். "உனக்கு வெட்கமே இல்லையா" என்று கேட்டேன். வெட்கம்தான் அவனை வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆறு மாதம் இன்னும் கவனமாக மறைத்தான். 68,000 இல் பாதி அந்த ஆறு மாதத்தில் போனது.

இது நோயா, கொழுப்பா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013 இல் அதைப் போதைப் பழக்கங்களின் பட்டியலுக்குள் வைத்தார்கள். எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் மூளையை இழுக்கிறது. மூன்று படத்தில் இரண்டு சேர்ந்து மூன்றாவது நழுவும்போது, தோற்றோம் என்று படாது, கிட்ட வந்துவிட்டோம் என்று படும். நோய் என்பதால் கடனைக் கட்டவேண்டாம் என்று ஆகாது. திட்டி மட்டும் குணமாக்க முடியாது என்று மட்டும்தான் ஆகும்.

ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம்) கடன் வாங்கிவிட்டான். வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறார்கள். என்ன செய்வது?

போலீஸில் புகார் கொடுங்கள், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். கடன் கொடுப்போர் சட்டம் 1951 இன்படி உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவருக்கு 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் உள்ளவர்கூட ஈடு இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கமுடியாது. வட்டி முதலைகள் 1,000 என்று எழுதி 800 ஐக் கையில் கொடுத்து, வாரம் 200 வட்டி கேட்கிறார்கள். ஐந்து வாரத்தில் கடன் அப்படியே நிற்க, 1,000 கட்டியிருப்பீர்கள்.

அனுப்பிய மிரட்டல், குரல் பதிவு, பணம் கட்டிய சான்று எதையும் அழிக்காதீர்கள். ஓர் ஆலோங் கடனை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போகாதீர்கள். அடையாள அட்டை நகல் அவன் கையில் இருக்கிறதே என்று பயந்து வீட்டிலேயே அடைந்து கிடக்காதீர்கள்.

அவன் கடனை நாங்களே அடைத்துவிட்டால் திருந்திவிடுவானா?

நாங்கள் ஒருமுறை அடைத்தோம். 14,000. மூன்று வாரம் தாங்கியது. கடன் போனதும் அவனுக்குக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கியது, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தோம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஏகேபிகேக்குக் கொண்டுபோனோம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006 இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசி ஒரே மாதத் தவணையாக மாற்றிக்கொடுப்பார்கள். எண் 03-2616 7766. ஆலோங் கடன் அவர்கள் கையில் இல்லை. கடன் 100,000 வெள்ளியைத் தொட்டால் திவாலாக்க வழக்குப் போடமுடியும் என்பதால், அதற்கு முன்பே போவது நல்லது.

சம்பளக் கணக்கை என் கண் முன்னால் இருக்கும்படி வைத்தோம். தினமும் 20 வெள்ளி கையில். டச் அன் கோ என்ற கைப்பேசிப் பணப்பையில் செலவு அளவைக் குறைத்தோம். அவனே சம்மதித்துச் செய்தது, நாங்கள் பிடுங்கவில்லை. அதோடு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆலோசனை. மனசு உடைந்த ராத்திரிகளில் பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை 15555. கடனில் மாட்டியவர் "நான் இல்லாம போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக விடாதீர்கள். அன்றே கூடப் போய் உட்காருங்கள்.

அரசாங்கம் எல்லாச் சைட்டையும் முடக்கிவிட்டால் போதாதா?

தொடர்பு, பல்லூடக ஆணையம் முடக்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 263 ஆவது பிரிவின்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போகிறது. காலையில் ஒன்றை மூடினால் மாலையில் ஓர் எழுத்து மாற்றிய முகவரியோடு ஏஜென்ட் செய்தி அனுப்புகிறான். முடக்குவது உதவும், ஆனால் தம்பியின் போனில் ஏஜென்ட் நம்பரைத் தடுத்தது நாங்கள்தான், பதினேழு நம்பர்.

அப்பா எடுக்கும் நாலு நம்பரையும் நிறுத்தச் சொல்லவேண்டுமா?

என்னால் சொல்லமுடியவில்லை. எழுபத்து மூன்று வயது, கடையில் போய் நிற்பார், இரண்டு வெள்ளி கொடுப்பார், பழைய நண்பர்களோடு மாமாக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவார். அது சட்டத்துக்குள் இருக்கிறது, அவர் கையைக் கடிக்கவும் இல்லை. நிறுத்தினால் மகிழ்ச்சிதான். ஆனால் கட்டாயப்படுத்த எனக்கு நியாயம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். தம்பி இருக்கும்போது நம்பர் பேச்சு வேண்டாம், முடிவு பார்க்கும் பக்கத்தை வீட்டுக்குள் திறக்கவேண்டாம் என்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துபோகிறார். அங்கேயே நின்று பார்த்துவிட்டு, காகிதத்தை அங்குள்ள குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்.